கனகம் லயம் மாறவில்லை

கனகத்தை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கம் வாசித்தபிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாறக் கூடாது. அவளைப் பற்றி எழுத வேறு ஆள் வரப்போவதில்லை. எழுதத் தெரிந்தவர்களில் அவளிடம் அதிகமாக ஏச்சு வாங்கியவன் நான்தான். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

என் பெயர் இரகுநாதன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்து அளவெட்டி. பதுளையில் நில அளவைக் கந்தோரில் பத்தொன்பது வருடம் படம் வரைந்தேன். ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிப் போடும் பெரிய தாள்கள் அவை. மலையின் உயரத்துக்கு மண்ணிறக் கோடு, ஆற்றுக்கு நீலம், கட்டடத்துக்குக் கறுப்பு. ஒரு லயம், அதாவது பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் தோட்டத்து நீளவீடு, என் தாளில் அரிசி முனையளவு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள் சண்டை பிடிக்கிறவர்களைப் பற்றி நான் நினைத்ததே கிடையாது. நினைக்கச் சொல்லி எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

கனகம் கொஸ்லந்தைக்கு மேலே வெள்ளைக்கல் தோட்டத்தில் பிறந்தவள். எந்த வருடம் என்று கேட்டால், பெரிய காற்று அடித்துத் தேயிலை ஸ்டோர் கூரை பறந்த வருடம் என்பாள். பத்து வயதில் கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. பதினெட்டில் கல்யாணம். மகள் லீலா கைக்குழந்தையாக இருக்கையில் புருஷன் நெஞ்சு நோவில் போய்விட்டான். பிறகு தன் வாயையே துணைக்கு வைத்துக்கொண்டாள். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அவள் குரல் கேட்டால் கங்காணி தலையைக் குனிந்துகொள்வாராம். ஒரு தரம் கணக்கப்பிள்ளை அவள் கொழுந்தை முற்றல் என்று ஒதுக்கியதற்கு, முழுக் கூடையையும் அவர் மேசைமேல் கவிழ்த்துவிட்டு, "இதுல முத்தல் எதுன்னு பொறுக்கிக் காட்டுங்க, நான் நிக்கிறேன்" என்று நின்றாளாம். அடுத்த காம்பிராவில் இருந்த சொந்த அக்காவோடு ஓர் அம்மிக்கல்லுக்காகப் பதினாறு வருடம் பேசவில்லை. ஒரே சுவர்தான் நடுவில்.

இதெல்லாம் எங்கள் கந்தோரில் அளவைச் சங்கிலி பிடித்த தங்கராஜா சொன்னது. அவனும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான். கனகத்தின் பேச்சை எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

நாற்பத்தெட்டில் வந்த சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களையெல்லாம் நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்து, இங்கேயே நிலையாக இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்றது. விதவையான கனகம் முப்பத்தாறு தொடக்கம் பத்து வருடம் விடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில், அவள் பெயர் இருந்திருக்கும். ஆனால் யுத்தம் முடிந்த கையோடு தோட்டம் கைமாறியது. பழைய துரைமார் போகும்போது பழைய புத்தகங்களும் போய்விட்டன. கையில் இருந்தது செத்துப்போன கங்காணி ஒருவரின் கடிதம் மட்டும். அந்த மனுவில்தான் லீலாவின் பெயரும் இருந்தது. தாய்க்கு இல்லையென்றால் மகளுக்கும் இல்லை.

ஐம்பத்தைந்தில் விசாரணை அதிகாரி ஒருவர் எங்கள் கந்தோருக்கு வந்தார். அத்தாட்சி இல்லாத மனுக்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறாராம். வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். என்னை அனுப்பினார்கள். எனக்குப் பெருமைதான். அதுவரை என் படங்களைப் பார்த்து ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

வெள்ளைக்கல் தோட்டத்தில் அந்த ஒரு லயத்திலிருந்து பன்னிரண்டு குடும்பங்கள் மனுப் போட்டிருந்தன. முதலில் எடுத்தது கனகத்தினது. அதிகாரி ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் அவளைக் கேட்டார்.

"முப்பத்தாறில் எங்கே இருந்தாய்?"

"முனியாண்டி லயத்துலங்க."

"அது எங்கே?"

"இந்தா, கண்ணுக்கு முன்னால இருக்கே. கடைசியில இருக்கிற தொங்கல் காம்பிரா என்னோடது."

ரோட்டுக்கு மேலே முகட்டில் லயம் நின்றது. முன்னால் ஒரு மரத்தடியில் குங்குமம் பூசிய முனியாண்டிக் கல்.

"இடையில் லயம் மாறினாயா?"

"மாறவே இல்லைங்க. பொறந்ததுலேருந்து இதே லயந்தான்."

நான் ஜீப்பின் மூடிமேல் தாளை விரித்தேன். முப்பத்தெட்டில் அளந்த தாள். ரோட்டு வளைவைப் பிடித்து, முகட்டின் கோட்டைப் பிடித்து, இடத்தில் விரலை வைத்தேன். கறுப்பு இல்லை. வெறும் புல்மேடு. ஆற்றோரம், கீழே கால் அங்குலம் தள்ளி, ஒரு லயக்கோடு இருந்தது. அதையும் பார்த்தேன். இப்போது அங்கே தேயிலைதான். அது ஏதோ மூடிப்போன பழைய லயம், அதன் ஆட்கள் இந்தியாவுக்குப் போயிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன். ஒருவரையும் கேட்கவில்லை.

"ஐயா, முப்பத்தெட்டில் இங்கே கட்டடம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கனகம் என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடுதாசியில என்ன போட்டிருக்கு?"

"புல்லு" என்றேன்.

"புல்லா? அப்ப நான் இங்க மேஞ்சுக்கிட்டா இருந்தேன்?"

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. அந்தக் கோபத்தோடேயே அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து மிகவும் அழகாக வந்திருந்தது.

ஒரு மாதத்தில் அவளுக்கு அறிவித்தல் போயிற்று. வசிப்பிடம் பற்றிய கூற்று பொய்யெனக் காணப்படுகிறது, மறுப்பு இருந்தால் மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டுக. அதை யாரிடமோ வாசிக்கக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, லீலாவையும் இழுத்துக்கொண்டு, கனகம் பதுளைக்கு பஸ் ஏறி வந்தாள். அதிகாரியிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

கந்தோர் விறாந்தையில் நின்று அவள் போட்ட சத்தத்துக்கு எங்கள் பெரியவர் அறைக்குள்ளிருந்து எழும்பி வந்தார்.

"யாழ்ப்பாணத்து ஐயா எங்க? புல்லுன்னு எழுதுன ஐயா?"

வெளியே வந்தேன். "இஞ்ச சத்தம் போடாதை. நான் படத்தில இருக்கிறதைத்தான் சொன்னனான்."

"படத்துல இல்லேன்னா நான் இல்லையா? எம் புருசன் செத்தது எந்தப் புல்லுல? இந்தப் புள்ளயப் பெத்தது எந்தப் புல்லுல? சொல்லுங்க."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? மாறயில்லை எண்டு சொன்னது நீதானே."

"மாறலதான். மாறலதான்னு இப்பவும் சொல்றேன். நூறு தடவ கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

"அப்ப நீ சொல்லுறது பொய்."

அவள் காறித் துப்பினாள். என்மேல் இல்லை, படியில்தான். ஆனால் கந்தோர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. லீலா தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். பதினெட்டு வயதுப் பெண், வெட்கத்தில் கண் கலங்கியிருந்தது. பெரியவர் காவலாளியைக் கூப்பிட்டார். அன்று பகல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்தான்.

அதற்குப் பிறகு மழை வந்தது. கொஸ்லந்த ரோட்டில் மண் சரிந்து, எவ்வளவு நிலம் போயிற்று என்று அளக்க என்னையும் தங்கராஜாவையும் அனுப்பினார்கள். வெள்ளைக்கல் தோட்டத்துக்குக் கீழே, ஆற்றோரமாகச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போனோம். தேயிலைக்கு நடுவே என் கால் ஒரு கருங்கல் படியில் இடறியது. இலையை விலக்கினால் இன்னொரு படி. அதன் பின்னால் நீளமாக அத்திவாரம். அடுப்புக் கல்லும் கிடந்தது, மூன்றும் கரியோடு.

"இது என்னடா?" என்றேன்.

"பழைய முனியாண்டி லயம் இருந்த எடங்க" என்றான் தங்கராஜா. "நாப்பத்தொண்ணுல மல வெடிச்சிச்சு. தொர எல்லாரையும் மேல போகச் சொன்னாரு."

"மேலை எண்டா?"

"இப்ப இருக்கிற எடந்தாங்க."

படிக்கட்டின் முன்னால் ஒரு குழி காட்டினான். இடுப்பளவு ஆழம், உள்ளே செங்கல் சுற்று. "முனி இங்கதாங்க நின்னாரு. ஆம்பளைங்க எட்டுப் பேரு கல்லத் தோண்டித் தூக்கிட்டுப் போனோம். கல்லு மேல போய் ஒக்காந்து, கெடா வெட்டுன பொறகுதான் பொம்பளைங்க சட்டி பானையத் தூக்குனாங்க. முனி வராம நாங்க எப்படிங்க போறது?"

எனக்கு விளங்கத் தொடங்கியது. விளங்கக் கூடாது என்று மனதுக்குள் ஒருவன் மல்லுக்கட்டினான். "அப்ப அவை லயம் மாறினவைதானே?"

தங்கராஜா என்னை விசித்திரமாகப் பார்த்தான். "லயம் மாறுறதுன்னா வேற லயத்துக்குப் போறதுங்க. சண்ட புடிச்சுக்கிட்டு, இல்லாட்டி கல்யாணம் கட்டிக்கிட்டு. இது அதே லயங்க. அதே முனி, அதே பேரு, அதே ஆளுங்க. தொங்கல் காம்பிராக்காரங்களுக்குத் தொங்கல் காம்பிராதான் குடுத்தாங்க. யாரு மாறுனா?"

பதுளைக்குத் திரும்பி, பெட்டகத்திலிருந்து மூன்று தாள்களையும் எடுத்தேன். முதலாவது பன்னிரண்டாம் ஆண்டு அளந்தது, மற்றது முப்பத்தெட்டு, கடைசி ஐம்பத்துமூன்று. கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். அதற்குள் பதின்மூன்று வருடம் அந்த மேசையில் வேலை செய்தவன், ஒரு தோட்டத்தை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம். பன்னிரண்டில் ஆற்றோரத்தையும் சேர்த்துப் பதினொரு லயம், சுற்றிவரக் காடு. ஆற்றுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. முப்பத்தெட்டில் காடு தேயிலையாகிவிட்டது, லயம் பதினான்கு. ஐம்பத்துமூன்றில் ஒன்பது, ஆற்றோரம் ஒன்றும் இல்லை, பாதையும் இல்லை, முகட்டில் புதிதாக மூன்று கோடு. பதினான்கு ஒன்பதான கதை எந்தத் தாளிலும் இல்லை. எந்தக் கோடு எந்தக் கோடாக மாறியது என்று போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இல்லாமற்போன கட்டடத்தைச் சுரண்டி எடுத்துவிடுவோம், புதியதை வரைவோம். அவ்வளவுதான் எங்கள் வேலை. சுரண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆற்றோரத்து லயத்துக்கும் முகட்டு லயத்துக்கும் இடையே கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்தில்தான் கனகத்தைப் பொய்க்காரி ஆக்கியிருந்தேன்.

மெல்லிய தாளில் ஒரு பிரதி எடுத்தேன். பழைய இடம் சிவப்பு, புதிய இடம் கறுப்பு, நடுவே ஓர் அம்புக்குறி. 1941ல் மண்சரிவு காரணமாக இதே குடியிருப்பு இடம்பெயர்ந்தது, என் முந்தைய அறிக்கை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் உத்தியோகத்தில் நான் தவறு என்று எழுதிக் கொடுத்த ஒரே காகிதம் அது. அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினேன். பெரிய தியாகம் செய்துவிட்டவனைப் போல இரண்டு நாள் திரிந்தேன்.

"அந்தப் பொம்பளகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க ஐயா" என்றான் தங்கராஜா. "விசாரணைக்கு முன்னால."

"ஏன் சொல்லவேணும்? சொல்லவேண்டிய இடத்தில சொல்லியாச்சு."

"இல்லைங்க, என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு அதுக்குத் தெரியாதுல்ல."

"கந்தோர்ப் படியில துப்பினவளுக்கு நான் லயத்துக்குப் போய் வகுப்பெடுக்கவோ? போடா."

அவன் போய்விட்டான். அரசாங்க உத்தியோகத்தன் மனுதாரரைத் தனியாகச் சந்திப்பது முறையில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம். எங்கேயும் எடுபடும்.

விசாரணை ஐம்பத்தாறு பங்குனியில், பதுளையில். கனகம் வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தாள். சத்தியம் செய்வித்தார்கள். நான் சாட்சி நாற்காலியில், அவளுக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியின் மேசையில் என் பிரதி மடித்தபடி கிடந்தது.

"இந்தப் பத்து வருடத்தில் நீ இடம் மாறியதுண்டா?"

"இல்லைங்க."

"நன்றாக யோசித்துச் சொல். ஒரு தரமாவது?"

என் தொண்டை வரை வந்தது. ஒரே ஒரு சொல். கல் தூக்கியதைச் சொல்லு என்று சொன்னால் போதும். செருமினேன். அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்களைக் கேட்கும்போது நீங்கள் பேசலாம்." நான் வாயை மூடிக்கொண்டேன். பழகிப்போன காரியம்.

"ஒரு தரங்கூட இல்லைங்க" என்றாள் கனகம். "முனியாண்டி சத்தியமா லயம் மாறினதே இல்ல."

அதிகாரி பிரதியை விரித்தார். சிவப்பைக் காட்டினார், கறுப்பைக் காட்டினார், அம்புக்குறியைக் காட்டினார். நாற்பத்தொன்றில் நீ இடம் மாறியிருக்கிறாய், நில அளவைக் கந்தோரே சொல்கிறது. சத்தியம் செய்து மாறவில்லை என்கிறாய் என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன் கனகம் எழுந்துவிட்டாள்.

"அது மல வெடிச்சு எல்லாருமா மேல வந்ததுங்க! கல்லத் தூக்கிக்கிட்டு வந்தோம்! அதப் போய் மாறுனதுன்னு யாரு சொல்லுவா?"

"அதை ஏன் முதலில் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலையே!"

நானும் எழுந்து, அவள் அங்கே இருந்தாள் என்பதற்குத்தான் இந்தப் படம் அத்தாட்சி, கால் மைல் நகர்ந்ததற்கும் நாட்டில் இருந்ததற்கும் என்ன சம்பந்தம் என்றேன். அதிகாரி பேனாவை மூடினார். லயம் இருந்ததற்கு அது அத்தாட்சி, இவள் இருந்ததற்கு இவள் வாய்தான் அத்தாட்சி, அந்த வாய் சத்தியத்தின்மேல் பொய் சொல்லியிருக்கிறது என்றார். என் முதல் படம் அவளைப் பொய்க்காரி என்றது. திருத்திய படமும் அதையேதான் சொன்னது.

மனு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு கொழும்பில். அதற்கு ஆள் பிடிக்க அவளுக்கு வழியில்லை. நானும் வழி தேடிக் கொடுக்கவில்லை.

மற்றப் பதினொரு குடும்பங்களின் கதையைத் தங்கராஜாதான் கொண்டுவந்தான். கனகம் ஞாயிற்றுக்கிழமைகளில் முனியாண்டிக் கல்லுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டாளாம். 'லயம் மாறினியா?' 'மாறினோம்.' 'எப்ப?' 'நாப்பத்தொண்ணுல.' 'ஏன்?' 'மல வெடிச்சிச்சு, தொர மாறச் சொன்னாரு.' ஒரு கிழவர் திரும்பத் திரும்ப மாறல, மாறல என்று சொல்லப்போய், சுள்ளியை எடுத்து அவர் முழங்காலில் ஒன்று போட்டாளாம். பதினாறு வருடம் பேசாத அக்காளையும் கூப்பிட்டு உட்காரவைத்தாளாம். பாடம் முடிந்ததும் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாளாம்.

விசாரணை வந்தபோது எல்லாரும் அப்படியே சொன்னார்கள். என் பிரதியும் கோப்பில் இருந்தது. வாயும் படமும் ஒத்துப்போயின. ஏழு குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அக்காள் குடும்பத்துக்கும் கிடைத்தது.

சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான பிறகு, அறுபத்தொன்றில், சிங்களப் பரீட்சை எழுது அல்லது வீட்டுக்குப் போ என்றார்கள். நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். போவதற்கு முன் கடைசி வேலையாகக் கொஸ்லந்தப் பக்கம் போனபோது, பஸ் நிற்கும் இடத்தில் கனகத்தைக் கண்டேன். மயிர் பாதி நரைத்திருந்தது. லீலா இரண்டு வருடம் முந்தி இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கட்டினவனோடு திருச்சிப் பக்கம் போய்விட்டாளாம். பார்த்தறியாத ஊர். தாய் வரமாட்டேன் என்று இங்கேயே நின்றுவிட்டாள்.

அவள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். நான் போயிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு நல்ல பெயர் தேவைப்பட்டது; ஒரு ஆளிடமாவது வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும் போல இருந்தது.

"ஏழு குடும்பத்துக்குக் கிடைச்சுதாமே" என்றேன். "நான் கீறின படம் அதுக்கு உதவினது. உங்களுக்குத்தான் ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு."

அவளிடம் நான் நீங்கள் போட்டுப் பேசியது அதுதான் முதல் தரம். அதையும் அவள் கவனித்தாள்.

"ஏழு குடும்பத்துக்கும் படமா சொல்லிக் குடுத்துச்சு? நான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டதில்லை. "நெசந்தான், எனக்குத் தெரியாமப் போச்சு. மாறுனோம்னு சொல்லணும்னு எனக்கு யாருங்க சொன்னா? படம் போட்ட ஒங்களுக்குத் தெரியும். அனுப்புன அன்னைக்கே தெரியும். அந்த ரூமுக்குள்ள எம் பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?"

"ஓம்."

"அந்தத் தொரைக்கு எழுதுனீங்கல்ல. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் புள்ள இன்னைக்கு இங்க இருந்திருக்கும்."

பஸ் வந்தது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் ஏறினாள். அந்த பஸ்ஸில்தான் நானும் போகவேண்டும். ஏறவில்லை.